வெள்ளிக்கிழமை காய்ந்த பலகை

மக்பூல் அகமது ஒரு வார்த்தை கொடுத்தால் அதை நாலு பேர் முன்னால்தான் கொடுப்பார். தனியாகச் சொன்ன வார்த்தைக்கு மதிப்பில்லை என்பது அவர் கட்சி. அதனால்தான் அண்ணன் மகன் நயீம் அகமது, கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் சேர வேண்டும் என்று வந்து நின்றபோது வீட்டில் வைத்து அவர் வாயே திறக்கவில்லை. ஆம்பூரில் பாலாற்றங்கரையில் இருந்த, தோல் பதனிடும் தன் டேனரிக்கு அவனைக் கூட்டிப்போனார். சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மேஸ்திரி இஷ்தியாக்கும் கூலியாட்களும் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இதோ இந்தத் தொட்டியிலேருந்து மேல இருக்கிற கொட்டாய் வரைக்கும் தோலு போவணும். இத்தினி ஆளு தலையில தூக்கிட்டு ஏர்றான், பாத்தியா? உன் புக்குல இதுக்கு எதனா வழி இருக்கா? இருந்தா செஞ்சு காட்டு. யாரும் கை வைக்காம தோலு தானா மேல ஏறிச்சின்னா, நானே உன்னைக் கிண்டிக்கு அனுப்பறேன். ஏறலன்னா இந்தப் பேச்சை இத்தோட வுட்டுட்டு இங்க வந்து உக்காரு."

"சரி சாச்சா" என்றான் நயீம்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்துக் கோடையில் நடந்தது. நயீமுக்கு அப்பா இல்லை. சிறு வயதிலேயே சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பாட்டுக்கோ துணிமணிக்கோ குறை இல்லை. வாணியம்பாடியில் இண்டர்மீடியட் வரை படிக்கவும் வைத்தார்கள். அதற்கு மேல் படிப்பு என்பது மக்பூல் அகமதுவைப் பொறுத்தவரை வேலை செய்யாமல் இருப்பதற்குக் கண்டுபிடித்த ஒரு மரியாதையான காரணம். நயீமுக்கோ அந்தக் கிண்டியைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த நாற்றத்துக்குள் ஆயுள் பூராவும் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

அவனுடைய தைரியமெல்லாம் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. சாய்தளம், கப்பி, கயிற்றில் கட்டிய எடைகள் என்று பக்கம் பக்கமாகக் கணக்குகள். அந்தப் புத்தகத்தில் வருகிற உலகமே தனி உலகம். அங்கே கயிற்றுக்கு எடை கிடையாது. கப்பி கிறீச்சிடாது. தளம் எப்போதும் வழவழப்பானது, அதில் உராய்வு என்பதே கிடையாது. வழவழப்பான தளம் என்று எழுதியிருப்பார்களே தவிர, அது எந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கும் என்று ஒரு வரி இருக்காது. நயீம் அந்தக் கணக்குகளை நூற்றுக்கணக்கில் போட்டவன். எந்த எடை கீழே போகும், எந்த எடை மேலே வரும், எவ்வளவு வேகத்தில் என்று படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவான். அவன் பார்த்ததெல்லாம் படத்தைத்தான்.

டேனரியின் அமைப்பு அவனுக்குச் சாதகமாகவே இருந்தது. சுண்ணாம்புத் தொட்டிகள் ஆற்றை ஒட்டித் தாழ்வில் இருந்தன. அங்கே நாட்கணக்கில் ஊறி மயிர் கழன்ற தோல்களை மேட்டில் இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சதை சீவ வேண்டும். வெள்ளம் வந்தால் கொட்டகை நனையக்கூடாது என்று யாரோ பெரியவர் அதை உயரத்தில் கட்டிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் தலைமுறைக்குப் பின் வந்த கூலிகள் எல்லாரும் ஊறின தோலைத் தலையில் வைத்து, சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் வழிய வழிய ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நயீம் தொட்டியிலிருந்து கொட்டகை வரை பலகைகளைச் சரிவாகப் பதித்தான். சரிவு முப்பது டிகிரி. அந்தச் சரிவில் ஒரு பாரம் தன் எடையில் பாதியளவுதான் கீழ்நோக்கி இழுக்கும். ஆக, தோல் அடுக்கிய சறுக்குவண்டியைக் கயிற்றில் கட்டி, கயிற்றை மேலே ஒரு கப்பியில் போட்டு, மறுமுனையில் தோலின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒன்றைத் தொங்கவிட்டால் அது இறங்கும், தோல் ஏறும். சறுக்குவண்டிக்குச் சக்கரம் கிடையாது. அடியில் இரண்டு மரக்கட்டைகள், புறப்படும்வரை கீழே பிடித்து நிறுத்த ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

முதல் சிக்கல் உடனே வந்தது. தோல் சரிவில் எவ்வளவு தூரம் ஏறுகிறதோ அவ்வளவு தூரம் மறுமுனையும் நேர்கீழாக இறங்கியாக வேண்டும். கொட்டகை இருந்த மேட்டுக்கு அவ்வளவு உயரம் இல்லை. புத்தகத்தில் தொங்குகிற எடை எங்கே போய் இறங்கும் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. நல்லவேளையாகக் கொட்டகைக்குப் பக்கத்தில் தண்ணீர் வற்றிப்போன ஒரு பழைய கிணறு இருந்தது. ஆழமான கிணறு. உள்ளே இறங்கி ஏறப் பக்கவாட்டில் கல்படிகளும் உண்டு. நயீம் கிணற்றின் வாய்க்கு நேரே தேக்குக் கம்பம் நட்டுக் கப்பியை மாட்டினான்.

இரண்டாவது சிக்கலை மேஸ்திரி எடுத்துவைத்தார். "கல்லைக் கட்டி உள்ள எறக்கிட்டே. அப்பால அந்தக் கல்லை யாரு மேல தூக்கறது, உங்க சாச்சாவா?"

நயீம் ஒரு பகல் முழுக்க யோசித்தான். கடைசியில் அவனுக்குத் தேவைப்பட்டது, தானாகவே ஏறி வரக்கூடிய ஓர் எடை. அப்படி ஓர் எடை அவன் கண்ணெதிரேதான் நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் பச்சையப்பன்.

பச்சையப்பன் ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள். தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டை மூட்டை சுமக்க வந்து டேனரியிலேயே தங்கிவிட்டவன். நல்ல கனத்த உடம்பு. கயிற்றின் மறுமுனையில் கட்டிய பிரம்புக் கூடையில் உட்கார்ந்து கிணற்றுக்குள் இறங்க வேண்டும், பிறகு படியேறி வந்து மறுபடி உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றபோது அவன் நம்பவில்லை.

"உக்காந்தா கூலியா சின்ன சாயபு?"

"உக்காந்தா கூலிதான்."

"அப்ப இத்தினி நாளா நான் எதுக்கு மூட்டை தூக்கினேன்?"

தோல் நிறுக்கிற தராசில் அவனை உட்காரவைத்து நிறுத்தார்கள். அவன் எடைக்கு ஏற்ற மாதிரி சறுக்குவண்டியில் எத்தனை தோல் அடுக்கலாம் என்று நயீம் கணக்குப் போட்டான். அந்த வாரம் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் சோதனை நடந்தது. கீழே கொக்கியை விடுவித்ததும் பச்சையப்பன் ஆடி அசைந்து கிணற்றுக்குள் இறங்கினான். அந்தப் பக்கம் தோல் மெல்ல மேலே ஏறிக் கொட்டகை வாசலில் வந்து நின்றது. பச்சையப்பனுக்கு அந்த இறக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ராஜா பல்லக்கில் போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். இறங்கின பிறகு வேண்டிய மட்டும் சத்தம் போட்டுச் சிரிப்பான், கிணறு பதிலுக்குச் சிரிக்கும்.

நயீம் சித்தப்பாவின் பாக்கெட் கடிகாரத்தை வாங்கி நேரம் பார்த்தான். புத்தகக் கணக்குப்படி ஆக வேண்டிய நேரமும் ஆன நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அதில்தான் அவனுக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று. காகிதத்தில் எழுதியது பாலாற்றங்கரையில் அப்படியே நடக்கிறது என்றால் யாருக்குத்தான் கிறுகிறுக்காது? உராய்வை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு எப்படி இவ்வளவு சரியாக வந்தது என்று ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம். சரியாக வந்த கணக்கை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மக்பூல் அகமது வியாழக்கிழமை மாலை வந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆனால் பேச்சில் காட்டவில்லை. "சனிக்கிழமை மெட்ராஸ் பெரியமேட்டுலேருந்து தோல் கமிஷன் ஏஜெண்ட் வர்றாரு. அவர் முன்னாடி ஏறட்டும். அப்பால சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. ஆம்பூரில் எல்லா டேனரியும் அன்றைக்கு மூடித்தான் இருக்கும். நயீம் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்து பெட்டியைத் தூசி தட்டி வைத்தான். "இன்னும் அவர் சொல்லவே இல்லியே, அதுக்குள்ள பெட்டியா?" என்று சாச்சி முனவ்வர் பேகம் கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே இரண்டு சட்டைகளை மடித்து உள்ளே வைத்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. ஆற்றங்கரையில் ஆள் இல்லாத டேனரியில் பலகைகளும் நாள் பூராவும் அந்த வெயிலில் கிடந்தன.

சனிக்கிழமை காலையில் பெரியமேட்டுக்காரர் வந்தார். கூட இரண்டு சிநேகிதர்கள். எல்லாரும் மூக்கில் அத்தர் தடவிய கைக்குட்டையை வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி நின்றார்கள். மக்பூல் அகமது சறுக்குவண்டியில் எத்தனை தோல் இருக்கிறது, எவ்வளவு எடை என்று உரத்த குரலில் சொன்னார். பச்சையப்பன் தலைப்பாகையைப் புதிதாகக் கட்டிக்கொண்டு கூடையில் உட்கார்ந்தான். கீழே மேஸ்திரி கொக்கியை விடுவித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கூடை கிணற்றின் வாயிலேயே தொங்கியது. பச்சையப்பன் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தான். அப்போதும் அசையவில்லை. பெரியமேட்டுக்காரர் இருமினார். அந்த இருமலில் சிரிப்பும் இருந்தது.

"தோலைக் கொஞ்சம் கம்மி பண்ணட்டுமா?" என்று கீழேயிருந்து மேஸ்திரி கேட்டார்.

"ஒண்ணும் கம்மி பண்ண வேணாம்" என்று கத்தினார் மக்பூல் அகமது. இவ்வளவு தோல் என்று வாயால் சொன்னபிறகு அதில் ஒரு தோல் குறைந்தாலும் அவருக்கு மானக்கேடு. அவர் ஷெர்வானிப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றி அதைச் சிநேகிதர் ஒருவர் கையில் கொடுத்தார். "நகருடா" என்று பச்சையப்பனை ஓரம் தள்ளிவிட்டுத் தானும் கூடைக்குள் ஏறினார். பச்சையப்பனைவிட அவர் ஒரு பிடி கூடவே கனம். இரண்டு பேரும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காட்சியை நினைத்துக் கூலியாட்கள் வெகுநாள் சிரித்தார்கள்.

இந்த நேரத்தில் நயீம் சரிவுப் பக்கம் ஓடிவந்திருந்தான். பலகையைக் கையால் தொட்டுப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. விரல் வைத்தால் பொருக்குப் பொருக்காகச் சுண்ணாம்பு ஒட்டியது. அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. புதனும் வியாழனும் பலகை வழவழப்பாக இருந்தது அவன் கணக்கினால் அல்ல. ஊறின தோலின் கொழுப்பும் சுண்ணாம்புத் தண்ணீரும் சேர்ந்து வழுக்கலாய்ப் பூசிவிட்ட வேலை அது. புத்தகத்துக்காரன் எழுதிவைத்த உராய்வற்ற தளம் உலகத்தில் எங்கே இல்லாவிட்டாலும் ஆம்பூர் டேனரியில் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை லீவு விட்டதும் அதுவும் போய்விட்டது.

கூடை அசைந்தது. காய்ந்த பலகையின் பிடிப்பை மீற இரண்டு பேர் எடை போதுமானதாக இருந்தது. மக்பூல் அகமதுவும் பச்சையப்பனும் நிதானமாக, கம்பீரமாகக் கிணற்றுக்குள் இறங்கினார்கள். தோல் முனகிக்கொண்டே மேலே ஏறி வந்து நின்றது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். கொட்டகை ஆட்கள் தோல்களை இறக்கினார்கள்.

மக்பூல் அகமது மூச்சு வாங்கப் படியேறி மேலே வந்தபோது முகம் சிவந்து, தொப்பி சாய்ந்து, பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். நயீமைப் பக்கத்தில் இழுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா? எங்க அண்ணன் பிள்ளை செஞ்சது. இவனை நான் கிண்டிக்கு அனுப்பப் போறேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

நாலு பேர் முன்னால் கொடுத்த வார்த்தை. இனி அது மாறாது.

"மாஷா அல்லாஹ்" என்றார் பெரியமேட்டுக்காரர். "இன்னொரு தரம் எறங்குங்க சாயபு. நான் ஒழுங்கா பாக்கல."

கேட்க வேண்டுமா? ஆட்கள் காலி வண்டியைக் கீழே இழுத்துக் கொக்கியில் மாட்ட, கூடை மேலே வந்ததும் மக்பூல் அகமது பச்சையப்பனின் கையைப் பிடித்து மறுபடியும் அதற்குள் ஏறிவிட்டார். கீழே அடுத்த பாரத்தை அடுக்கினார்கள். நயீம் அந்தப் பக்கம் திரும்பினான். முதல் பாரத்தை மேலே வைத்து இறக்கும்போது தோல்களிலிருந்து வடிந்த சுண்ணாம்புத் தண்ணீர், பலகையின் உச்சியிலிருந்து அடி வரைக்கும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பொருக்கெல்லாம் கரைந்து பலகை பளபளத்தது. வியாழக்கிழமை இருந்த அதே பலகை.

ஆனால் வியாழக்கிழமை கூடையில் ஓர் ஆள்தான் இருந்தான்.

கணக்கு தானாகவே அவன் தலைக்குள் ஓடி முடிந்தது. பலகையில் பிடிப்பு இல்லை. கூடையில் தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் எடை. கூடை இறங்காது, விழும். கிணற்றின் அடியில் இருப்பது பாறை. அது போதாதென்று சறுக்குவண்டி அதே வேகத்தில் மேலே வந்து கம்பத்தில் மோதும். கப்பி பெயர்ந்தால் அதுவும் அவர்கள் தலைமேல்தான் போய் விழும்.

அவன் ஒரு கணம் வாயைத் திறக்கவில்லை. அதை மறைப்பதற்கில்லை. சற்றுமுன் கையில் கிடைத்த கிண்டியை அவன் அந்த ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று நினைத்தும் பார்த்தான். கணக்கு அப்படி நினைக்க விடவில்லை.

"சாச்சா, நீங்க எறங்குங்க. பச்சையப்பன் மட்டும் போதும்."

"இன்னாடா போதும்? கொஞ்சம் முன்னாடி அவன் மட்டும்தானே இருந்தான். ஏறிச்சா?"

"அப்ப பலகை காஞ்சி இருந்திச்சி. இப்ப நனைஞ்சிடுச்சி."

பெரியமேட்டுக்காரர் சிரித்துவிட்டார். "தோலு டேனரியில ஈரத்துக்குப் பயப்படற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"சாச்சா, எறங்குங்க."

"டேய், போடா அந்தாண்ட. மேஸ்திரி, கொக்கியை எடு!"

நயீம் சரிவை ஒட்டிய பாதையில் ஓடினான். மேஸ்திரி குனிந்து கொக்கியில் கை வைத்த நேரத்தில், வெள்ளை வெளேரென்று சலவை செய்த பைஜாமாவோடு, குழைந்து கொழகொழவென்றிருந்த தோல் குவியலின் முன்னால் கொக்கியின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டான். சுண்ணாம்புத் தண்ணீர் துணியில் ஏறித் தொடையைப் பிடித்தது. எரிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே, எல்லார் காதிலும் விழும்படி, வயிற்றிலிருந்து கத்தினான்.

"எறங்குங்க!"

மக்பூல் அகமதுவை அந்தக் குரலில் யாரும் எதுவும் செய்யச் சொன்னதில்லை. அவருடைய அப்பா சொல்லியிருக்கலாம், அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது. கூலியாட்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியமேட்டுக்காரர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். மக்பூல் அகமது கூடையிலிருந்து இறங்கினார். ஷெர்வானியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு எல்லாப் பொத்தானையும் மாட்டினார். பிறகு சொன்னார்.

"கிண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்குக் காலையில இங்க வந்து உக்காரு. மேஸ்திரி, தோலை ஆளுங்களை வெச்சித் தூக்கு."

நாலு பேர் முன்னால் கொடுத்தார், அதே நாலு பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் கண்ணால் பார்த்ததெல்லாம், நன்றாக ஓடிய ஒரு யந்திரத்தையும் காரணமில்லாமல் கத்திய ஒரு பையனையும்தான். நடக்காமல் போன விபத்தை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்ட முடியும்?

அன்று வீட்டில் பெரியமேட்டுக்காரருக்கு வைத்த விருந்துக்கு நயீமை யாரும் கூப்பிடவில்லை. தொடை இரண்டும் வெந்து சிவந்திருந்தது. முனவ்வர் பேகம் கதவுக்கு வெளியே தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, "பெரியவங்ககிட்ட அப்படியா பேசறது?" என்றாள். நயீம் கிண்ணத்தை உள்ளே எடுத்துக்கொண்டான். எண்ணெயைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்து அழுதான். கிண்டி போனதற்காக அழுதான். அதைவிட, தான் ஏன் அப்படிச் செய்தோம் என்பது உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாதே என்று அழுதான்.

மறுநாள் காலையில் டேனரிக்குப் போனபோது பச்சையப்பனும் முகம் கொடுக்கவில்லை. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு விலகிப் போனவனை நயீம் வழிமறித்தான்.

"உனக்கும் கோவமா?"

"பின்ன இன்னா சின்ன சாயபு? மொதலாளிகூட முட்டிக்கு முட்டி உக்காந்திருந்தேன். எங்க ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. அதையும் கெடுத்துட்டீங்க. இப்ப மறுபடி மூட்டை. பேஜாரா இருக்குது."

"ஒரு உதவி செய். நேத்து நான் ஏன் கத்தினேன்னு காட்டறேன்."

இரண்டு பேருமாகக் கல் பொறுக்கினார்கள். பச்சையப்பனைத் தராசில் உட்காரவைத்து அவன் எடைக்குக் கல் நிறுத்தார்கள். மறுபடியும் அவனையே உட்காரவைத்து, முதலாளிக்குப் பதிலாக அதே அளவு நிறுத்தார்கள். "மொதலாளி இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று பச்சையப்பனே நியாயமாக இன்னொரு கல்லை எடுத்துப் போட்டான். கூடையில் கல் நிரம்பியது. சறுக்குவண்டியில் நேற்று அடுக்கிய அளவு தோலை அடுக்கினார்கள். பலகை மேல் உச்சியிலிருந்து தொட்டித் தண்ணீரை ஊற்றினார்கள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று நயீம் கத்திவிட்டு, நீளமான கழியால் கொக்கியைத் தட்டிவிட்டான்.

கூடை ஓர் இமை நேரம் தயங்கியது. பிறகு அதைக் காணவில்லை.

சறுக்குவண்டி பலகைமேல் சீறிக்கொண்டு போய்த் தேக்குக் கம்பத்தில் மோதிய சத்தமும், கிணற்றுக்குள்ளிருந்து வந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கம்பம் நெட்டுக்குப் பிளந்தது. கப்பி பெயர்ந்து கிணற்றுக்குள் போயிற்று. தோல்கள் பறந்து கொட்டகைக் கூரையில் விழுந்தன. பிறகு வெகுநேரம் கிணற்றுக்குள் சின்னச் சின்னக் கற்கள் உருளும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பச்சையப்பன் மெதுவாகக் கிணற்றோரம் போய் எட்டிப் பார்த்தான். கூடை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சிம்பு சிம்பாகப் பிரம்பு கிடந்தது. கல்லே இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு மக்பூல் அகமது ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்தார். வாயில் திட்டு தயாராக இருந்தது. பிளந்த கம்பத்தைப் பார்த்தார். கூரையில் தொங்கிய தோலைப் பார்த்தார். கிணற்றின் விளிம்புக்கு வந்து உள்ளே குனிந்து பார்த்தார். திட்டு வாயிலேயே நின்றுவிட்டது.

"எத்தினி கல்லு போட்டீங்க?" என்று கேட்டார். குரல் அவர் குரலாகவே இல்லை.

நயீம் சொல்வதற்கு முன்னால் பச்சையப்பன் சொல்லிவிட்டான். "நானும் நீங்களும் மொதலாளி."

மக்பூல் அகமது கிணற்றின் விளிம்புக் கல்லில் உட்காரப் போனார். உட்காரவில்லை. சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். தொப்பியைக் கழற்றினார். தலையில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"நேத்தே இதுன்னு சொல்றதுக்கின்னா?"

"பலகை நனைஞ்சிடுச்சின்னு சொன்னேன் சாச்சா."

"அது எவனுக்குப் புரியும்? கூடை வுழுந்துடும்னு சொன்னியா?"

நயீம் தலையைக் குனிந்துகொண்டான். அதை ஏன் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். விழும் என்று சொன்னால் தன் கணக்கு தப்பு என்று சொன்னதாகும். சித்தப்பாவைச் சாகவிடவும் அவனால் முடியவில்லை, பெரியமேட்டுக்காரர் முன்னால் தப்பை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

"என் கணக்கு தப்பு சாச்சா" என்றான் இப்போது. "பலகை காயும்னு நான் நினைக்கவே இல்ல. அதெல்லாம் எப்படிச் சேர்த்துக் கணக்குப் போடறதுன்னு எனக்கு முழுசா தெரியாது."

மக்பூல் அகமது தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பிறகு நயீமைப் பார்க்காமல், கிணற்றைப் பார்த்துப் பேசினார். "வெளியூர்க்காரன் முன்னாடி, என் ஆளுங்க முன்னாடி, என்னை எறங்குடான்னு கத்தினே. 'டா' போடல, ஆனா அதே குரல்தான். அதை நான் மவுத்தாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"சரி சாச்சா."

"காலேஜு எப்ப தெறக்குது?"

நயீமுக்குக் காதில் விழுந்தது சரியா என்று சந்தேகம் வந்தது. "ஜூலையில" என்றான்.

மக்பூல் அகமது திரும்பி மேஸ்திரியைக் கூப்பிட்டார். தொட்டியில் நின்றவர்கள், கொட்டகையில் சதை சீவிக்கொண்டிருந்தவர்கள், கூரைமேல் ஏறித் தோலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரையும் வரச் சொன்னார். கத்தியும் கையுமாக, முழங்கை வரை சுண்ணாம்போடு அவர்கள் வந்து வளைத்து நிற்கும்வரை காத்திருந்தார்.

"இவன் ஜூலையில கிண்டிக்குப் போறான். நான் அனுப்பறேன். கேட்டுக்குங்க."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நேற்று வேண்டாம் என்றவர், இன்றைக்குக் கம்பத்தையும் கப்பியையும் உடைத்து நாசமாக்கின பிறகு ஏன் அனுப்புகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. உருப்படாத பிள்ளையை ஊரைவிட்டு அனுப்புகிறார் என்றுதான் ஆம்பூரில் பேசிக்கொண்டார்கள். அதை அவர் திருத்தவும் இல்லை. சொல்லி முடித்து, எல்லாரும் கலைந்து போகும்வரை அவருடைய வலது கை, தரையில் உட்கார்ந்திருந்த பச்சையப்பனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டே இருந்தது.